புதிய பள்ளியின் வாசலில் நம் பிள்ளை

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)

 

'கல்வியும் சமுதாய முன்னேற்றமும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்திருந்தனர். அப்பொருள் குறித்து இதே மேடையில் என்னைவிடக் கற்றவர்கள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேசியிருக்கிறார்கள். ஆகவே, அவைத் தலைவரின் இசைவு பெற்று, அப்பெரும் பொருளிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டுப் பிள்ளை ஒரு பள்ளியை விட்டு மற்றொரு பள்ளிக்குச் செல்லும்போது என்ன நிகழ்கிறது? அந்நாட்களில் பெற்றோராகிய நாம் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களே இன்று நான் எடுத்துக்கொண்டவை.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் ஆசிரியப் பணியில் இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் மேசைக்குப் பின்னே அமர்ந்திருப்பவன். இவ்வாண்டு ஜூன் மாதத்தில் அந்த மேசைக்கு முன்னே நின்றேன். நான் தலைமையாசிரியராகப் பணிபுரியும் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்த என் இளைய மகள், நகரத்திலுள்ள மேல்நிலைப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கலாம். அந்த அளவுக்குத்தான் எண்ணிக்கை. அவள் சேர்ந்த பள்ளியிலோ ஒரு வகுப்பிலேயே அறுபது பேர். எங்கள் பள்ளியில் அவள் தலைமையாசிரியரின் மகள். அங்கு அவள் வருகைப் பதிவேட்டில் ஓர் எண். மேசையின் இரு பக்கங்களையும் கண்டவன் என்ற தகுதியில்தான் இன்று பேசத் துணிந்தேன்.

பெரியோர்களே! பிற சமூகத்துப் பெற்றோருக்குப் புதிய பள்ளி என்பது புதிய சீருடை, புதிய புத்தகம், புதிய ஆசிரியர் என்ற அளவில் நின்றுவிடும். நமக்கு அது அவ்வளவோடு நிற்பதில்லை. பள்ளியின் வாசல் நமக்கு ஒரு வரலாற்றின் வாசல்.

இரட்டைமலை சீனிவாசன் அவர்களை நீங்கள் அறிவீர்கள். 1893ஆம் ஆண்டு இதழ் நடத்தியவர். 1930ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றவர். அத்தகைய தலைவர் 1939ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். கோயமுத்தூரில் தாம் படித்த காலத்தை அதில் நினைவுகூர்கிறார். தம் சாதி இன்னதென்று பிற மாணவர்க்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அவர் யாருடனும் பழகுவதில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணியடித்த பிறகே உள்ளே செல்வார். பள்ளி விட்டதும் யாரும் பேச்சுக்கொடுக்கு முன் வீட்டை நோக்கி விரைந்துவிடுவார். விளையாட வேண்டிய வயதில் ஒரு சிறுவன் மணியோசைக்காக வெளியே காத்திருந்தான். பின்னாளில் ஒரு சமுதாயத்தின் குரலாக விளங்கிய பெருமகனுடைய பள்ளிப் பருவம் இது.

சதாராவில் பள்ளிக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கரின் நிலையும் நாம் அறிந்ததே. வகுப்பில் அமர்வதற்கு அவர் வீட்டிலிருந்தே ஒரு கோணித் துண்டைக் கொண்டுபோக வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாளும் அதைத் தொடமாட்டார் என்பதால், மாலையில் அதை வீட்டிற்குச் சுமந்துவந்து மறுநாள் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். தாகம் எடுத்தால் பள்ளிச் சேவகர் வந்து குழாயைத் திறக்க வேண்டும். சேவகர் வாராத நாளில் தண்ணீர் இல்லை.

இந்நிலையை மாற்றவே நம் முன்னோர் பள்ளிகள் வேண்டுமென்று போராடினர். 1894ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் திறந்தார். 1916ஆம் ஆண்டு சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தைத் தொகுதிப் பங்கீட்டிற்காக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் கடைசிப் பிரிவு கல்வியைப் பற்றியது. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கு ஒதுக்கும் பணத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்கெனப் போதுமான தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. 1944ஆம் ஆண்டில் உயர்படிப்புக்கான உதவித்தொகை தொடங்கியது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

இவ்வளவும் நடந்த பிறகு, 1981ஆம் ஆண்டில், என் தந்தையார் என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்க அழைத்துச் சென்றார். அவர் பண்ணையில் கூலி வேலை செய்தவர்; கையெழுத்திடத் தெரியாதவர். பள்ளியின் வாசலை நெருங்கியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எடுக்கச் சொல்லி அங்கு யாரும் அவரிடம் கூறவில்லை. சட்டம் வந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அவருடைய கைகளுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. இவ்வாண்டு என் மகளை அழைத்துச் சென்றபோது என் தோளில் துண்டு இல்லை. சட்டைப் பையில் பேனா இருந்தது. தலைமையாசிரியர் என்று அறிந்ததும் நாற்காலி கொடுத்தார்கள். இந்த நாற்காலிக்கும் அந்தத் துண்டுக்கும் இடையேயுள்ள தொலைவை ஒரே தலைமுறையில் கடந்தோம். இதை எண்ணி நான் பெருமிதம் கொள்கிறேன். ஆயினும், அந்நாற்காலி எனக்குக் கிடைத்தது. என் மகளுக்கு வகுப்பறையில் என்ன கிடைத்தது என்பதே இன்றைய பேச்சு.

முதல் வாரம் எவ்விதக் குறையுமின்றிக் கழிந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாள் மாலை, பேருந்தைவிட்டு இறங்கி வீட்டிற்கு வந்தவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்பா, வகுப்பில் என்னை எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னேன். ஊரா, காலனியா என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல வேண்டும்?" என்றாள்.

தாய்மார்களே, தந்தைமார்களே! இந்த வினாவை அறியாதவர் இந்த அரங்கில் எவரும் இரார். கேட்ட பிள்ளைக்கும் பதினான்கு வயதுதான். அப்பிள்ளை அதைத் தன் வீட்டில் கற்றது. சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியைக் கேட்கும் வினா இது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆவணத்திலிருந்து சொல்லை எடுக்க ஓர் ஆணை போதும். பிள்ளைகளின் நாவிலிருந்து அதை எடுப்பதற்கு எத்தனை காலமாகுமோ அறியேன்.

அன்றிரவு எங்கள் வீட்டில் மூன்று விடைகள் பிறந்தன. எண்பது வயதை நெருங்கும் என் தாயார், "ஊர் என்றே சொல்லிவிடு கண்ணு. படிப்பு முடிகிற வரையில் வாயைத் திறக்காதே" என்றார். அது கோழைத்தனம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மணியோசைக்காக வெளியே காத்திருந்த சிறுவனின் அறிவும் அதுவே. உயிரையும் படிப்பையும் காத்துக்கொள்ள ஒரு தலைமுறை கண்ட வழி அது. கல்லூரியில் படிக்கும் என் மூத்த மகன், "கேட்டவளிடமே அவள் எந்தத் தெரு என்று திருப்பிக் கேள், தலைமையாசிரியரிடம் புகார் எழுதிக் கொடு" என்றான். அவனுடைய வயதுக்கும் அவன் கற்ற கல்விக்கும் அது ஏற்ற விடை. என் துணைவியார் சிறிது நேரம் கழித்துச் சொன்னார்: "நம் தெருவில் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது? இருப்பதைச் சொல். ஆனால், உன்னைப் பற்றி அவர்கள் அறியவேண்டியது அது ஒன்றுதான் என்று அவர்கள் நினைக்கும்படி விட்டுவிடாதே."

என் கருத்தை மகள் கேட்டாள். ஆசிரியனாகிய எனக்கு ஒரு விடையும் தந்தையாகிய எனக்கு மற்றொரு விடையும் இருந்தன. ஆசிரியனுக்கு உண்மையே பெரிது. தந்தைக்கோ, அவ்வுண்மைக்கான விலையைத் தன் மகள் தனியே நின்று கொடுக்க வேண்டுமே என்ற கவலை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் நடந்ததை நினையாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படித்த நம் பிள்ளையொருவனை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அந்த மாணவன் செய்தது, தன்னைத் துன்புறுத்தியோர் பெயரைப் பள்ளியில் சொன்னது மட்டுமே. எனவே, "உண்மையைச் சொல்" என்று பிள்ளையிடம் மட்டும் கூறிவிட்டு நாம் உறங்கிவிட இயலாது. சொன்ன பிறகு அவளுக்குத் துணையாக நிற்பதும் நம் கடமை. நான் அவளிடம் கூறியது இவ்வளவே: "உன் அம்மா சொன்னபடி செய். அதன் பிறகு நடப்பதை, சிறியதாயினும் பெரியதாயினும், அன்றன்றே எங்களிடம் சொல்."

அவள் மறுநாள் சொன்னாள். அதன் பின் எல்லாரும் அவளை அணைத்துக்கொண்டனர் என்று சொல்லி உங்களை மகிழ்விக்க நான் விரும்பவில்லை. கேட்ட மாணவி இரண்டு நாட்கள் அவளோடு பேசவில்லை. மதிய உணவின்போது வேறிடம் சென்று அமர்ந்தாள். மற்றொரு மாணவி, "நானும் அப்படித்தான், இதுவரை சொன்னதில்லை" என்று தனியே வந்து மெல்லக் கூறினாளாம். இவ்விரண்டில் எது பெரிது என்று என் மகளிடம் நான் கேட்கவில்லை. அந்த இரண்டாவது மாணவியைப் பற்றியே அவள் அன்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அவ்வாரம் நான் அவளுடைய வகுப்பாசிரியையைச் சந்தித்தேன். புகார் கூறச் செல்லவில்லை. என் பிள்ளையை அறிமுகம் செய்யச் சென்றேன். நிகழ்ந்ததையும் மறைக்கவில்லை. யார் பெயரையும் குறிப்பிடாமல், வகுப்பில் பிள்ளைகள் எந்த முறையில் அமர்கிறார்கள் என்று கேட்டேன். அவரவர் விருப்பப்படி என்றார். விருப்பப்படி அமரவிட்டால் தெரு வாரியாகவே அமர்வர் என்பது நம் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரியாததன்று. நாங்குநேரி நிகழ்ச்சிக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு அவர்களின் குழு 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருத்தலாகாது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டிவருவதைத் தடுக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. இதை அந்த அம்மையாரிடம் எடுத்துரைத்தேன். அடுத்த திங்கட்கிழமை அவ்வகுப்பில் அகர வரிசை வந்தது. அவர் நல்லாசிரியர், கேட்பாரின்மையால் அதுவரை அது நிகழவில்லை. நாற்காலி பெற்ற தலைமையாசிரியர் கேட்டதால் நடந்தது என்று நீங்கள் கூறலாம். ஓரளவு உண்மை. நாற்காலி பெறாத பெற்றோர் கேட்டாலும் நடக்கும்படி செய்வது எவ்வாறு? இந்த அரங்கு எண்ண வேண்டியது இதையே.

ஆகவே, பள்ளி மாறும் பிள்ளையின் பெற்றோர் மேற்கொள்ள வேண்டியவை என நான் கருதும் சிலவற்றை வரிசையாகக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, சான்றிதழ்கள். மே மாதத்திலேயே அவற்றை ஆயத்தம் செய்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ், ஆதார் அட்டை, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, வட்டாட்சியர் வழங்கும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவை கையில் இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து வேறுபட்டால் உதவித்தொகை நின்றுபோகும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட மாணவர்க்கு மத்திய அரசின் உதவித்தொகை 2012ஆம் ஆண்டு முதல் உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நுழையும் அந்த ஜூன் மாதமே இதைக் கேட்டுப் பெற வேண்டிய காலம்.

இங்கு ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். சேர்க்கைப் படிவத்தில் சாதி குறிக்கப்படுவது நம் பிள்ளையின் உரிமைக்காக. அவ்வுரிமை ஏட்டில் இருக்கட்டும். வகுப்பின் நடுவே, "உதவித்தொகைக்குரிய பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று அழைத்தால், உதவியாக வந்த தொகை இழிவாக மாறிவிடும். எழுந்து நிற்க நாணி அத்தொகையையே வேண்டாமென்று விட்டுவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன். எங்கள் பள்ளியில் இப்படிவங்களைப் பெற்றோரை அழைத்து அவர்கள் கையிலேயே கொடுக்கிறோம். இதற்குத் தனியே செலவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, சட்டத்தின் எல்லையை அறிந்துகொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டு நிறைவேறி, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்போடு அதன் காவல் முடிகிறது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கலாகாது, மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்க வேண்டும், உடலையும் மனத்தையும் வருத்தும் தண்டனை கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளி மாறுவதோ ஒன்பதாம் வகுப்பில். சட்டத்தின் குடை மடங்கும் அதே இடத்தில் பள்ளியும் மாறுகிறது, ஆசிரியரும் மாறுகிறார், வழித்தடமும் மாறுகிறது. படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகள் ஒன்பதிலும் பத்திலும் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம். அக்குடை மடங்கும் இடத்தில் நாம்தான் குடையாக வேண்டும்.

மூன்றாவது, முதல் நாற்பது நாட்கள். நட்ட நாற்று வேர் பிடிக்கும் வரையில் வயலில் தண்ணீர் வற்றவிட மாட்டோம் என்பது நடவு செய்யும் தாய்மாருக்கு நான் கூறித் தெரிய வேண்டியதில்லை. புதிய பள்ளியில் பிள்ளை வேர் பிடிக்கும் காலமும் அத்தகையதே. அந்நாட்களில் திருவிழா என்றோ, உறவினர் திருமணம் என்றோ, நடவுக்கு ஆள் போதவில்லை என்றோ பிள்ளையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். முதல் மாதத்தில் நான்கு நாள் வாராத பிள்ளையை ஆசிரியர் 'ஒழுங்காக வராத பிள்ளை' என்று மனத்தில் எழுதிக்கொள்வார். நானும் ஆசிரியன், ஆசிரியர் மனத்தில் எழுதுவது எளிதில் அழிவதில்லை என்பதை அறிவேன்.

நான்காவது, மாலையில் கேட்கும் கேள்வி. "இன்று என்ன பாடம்?" என்று படித்த பெற்றோர் கேட்கிறார்கள். படிக்காத பெற்றோரோ, நமக்கென்ன தெரியும் என்று எண்ணிக் கேளாதிருந்துவிடுகிறார்கள். பாடத்தைப் பற்றிக் கேட்கக் கழகத்தின் மாலைப் படிப்பகம் இருக்கிறது. "இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்? யாருடன் சாப்பிட்டாய்? தண்ணீர் எங்கே குடித்தாய்? வகுப்பைக் கூட்டச் சொன்னார்களா. சொன்னால் எல்லாரையும் முறை வைத்துச் சொன்னார்களா?" என்று நீங்கள் கேளுங்கள். இதைக் கேட்க எழுத்தறிவு வேண்டியதில்லை. நம்மவருக்கு இவ்வினாக்களின் பொருள் நன்கு தெரியும். வகுப்பறையைத் தூய்மை செய்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பயிற்சியாயின் நன்று. நம் பிள்ளைக்கு மட்டும் உரிய வேலையாயின் அது குற்றம். பிள்ளை சொன்னதைக் கேட்டதும் பதறிவிடாதீர்கள், "நீ என்ன செய்தாய்?" என்று அதட்டவும் வேண்டாம். ஒருமுறை அதட்டிவிட்டால் மறுமுறை அப்பிள்ளை சொல்லாது.

ஐந்தாவது, பெற்றோர் பள்ளிக்குள் செல்ல வேண்டும். அழைப்பு வந்த பிறகு செல்வதைக் காட்டிலும், அழைப்பு வருமுன் செல்வதே சிறப்பு. சிக்கல் வந்த அன்றுதான் முதன்முறையாகச் செல்வோமாயின், நம்மைச் சிக்கலாகவே பார்ப்பர். ஜூன் மாதத்திலேயே சென்று, "நான் இன்னாரின் தாய், என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டு வாருங்கள். எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்தம் எண்ணிக்கைக்கேற்ற இடம் வேண்டும். இது சட்டம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்கள் உண்டு. அங்கு நமக்குரிய இருக்கை வெறுமையாகக் கிடந்தால், அதை வேறொருவர் நிரப்பிவிடுவர். கூலி போகுமே என்று நீங்கள் எண்ணுவீர்கள். ஓராண்டில் இரண்டு, மூன்று நாட்கள்தான். அந்தக் கூலியை வீட்டுச் செலவில் எழுதாமல் பிள்ளையின் படிப்புச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாவது, அவமதிப்போ துன்புறுத்தலோ நேர்ந்தால் அதைச் சொல்ல இடமுண்டு. முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், அதன்பின் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்னும் தொலைபேசி எண்ணும், குழந்தைகளுக்கான 1098 என்னும் எண்ணும் கட்டணமின்றி அழைக்கத்தக்கவை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. பிள்ளையின் புத்தகப் பையில் இவ்விரு எண்களையும் எழுதி வையுங்கள். தனியாகச் செல்லாதீர்கள், கழகத்தினர் ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். சொன்ன பிள்ளையைத் தனியே விட்டால் என்ன நேரும் என்பதை நாங்குநேரி நமக்குக் காட்டியிருக்கிறது.

பெரியோர்களே! இவையனைத்தையும் கேட்ட பின்னர், "இவ்வளவு அச்சுறுத்திப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா?" என்று சிலர் எண்ணக்கூடும். அச்சுறுத்துவது என் நோக்கமன்று. பிள்ளைக்கு எதையும் சொல்லாமல் அனுப்பினால், முதல் அடி விழும்போது அது தன்மேல்தான் குறை என்று எண்ணிக்கொள்ளும். எல்லாவற்றையும் பகையாகக் காட்டி அனுப்பினால், நட்போடு நீளும் கையையும் அது தட்டிவிடும். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நம் முன்னோர் யார், அவர்கள் எவ்வாறு படித்தார்கள் என்பதைக் கதைபோல் சொல்லி வளர்ப்பதே அவ்வழி. மணியோசைக்குக் காத்திருந்த சிறுவன் வட்டமேசையில் அமர்ந்தான்; கோணித் துண்டைச் சுமந்த சிறுவன் நாட்டின் அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவரானான். இக்கதைகளை அறிந்த பிள்ளை, "ஊரா, காலனியா" என்று கேட்கப்படும்போது தலை குனியாது.

நம் பிள்ளைகளை வேறு வகையில் நோக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் எங்கும் இருக்கிறார்கள் என்பதையும் கூறியாக வேண்டும். என்னைப் படிக்க வைத்தவர்களுள் பிற சமூகத்து ஆசிரியர்கள் பலர். மாலையில் தம் வீட்டுத் திண்ணையில் விளக்கேற்றி எங்களுக்குக் கணிதம் சொல்லித் தந்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன். அத்தகையோர் கையை நம் பிள்ளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ள வேண்டுமானால், அது நிமிர்ந்து நோக்கும் பிள்ளையாக இருத்தல் வேண்டும்.

இறுதியாக, வெள்ளி விழாக் காணும் இக்கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் படிப்பகம் நடத்தினீர்கள். நோட்டுப் புத்தகம் வழங்கினீர்கள். தேர்வில் முதன்மை பெற்றோருக்குப் பரிசளித்தீர்கள். முதன்மை பெற்ற பிள்ளைகளுக்கு நாம் கைதட்டினோம். ஒன்பதாம் வகுப்பின் முதல் மாதத்திலேயே பள்ளியைவிட்டு நின்றுபோன பிள்ளையின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அந்த ஏட்டைக் கழகம் இவ்வாண்டு முதல் தொடங்க வேண்டும். மே மாதத்தில் நம் தெருக்களில் பள்ளி மாறவிருக்கும் பிள்ளைகள் யார், எந்தப் பள்ளிக்குச் செல்கிறார்கள் என்று பட்டியல் எழுதுங்கள். அதே பள்ளியில் ஏற்கெனவே பயிலும் மூத்த மாணவர் ஒருவரை ஒவ்வொரு புதிய பிள்ளைக்கும் துணையாக அமர்த்துங்கள். முதல் நாற்பது நாட்கள் அவர்கள் ஒரே பேருந்தில் செல்லட்டும். உணவு இடைவேளையில் ஒருமுறை சந்தித்துக்கொள்ளட்டும். நாற்பதாம் நாள் மாலையில் படிப்பகத்தில் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டி, நடந்ததைப் பேசுங்கள். இதற்கு நன்கொடை திரட்ட வேண்டியதில்லை; ஒரு குறிப்பேடும் சிலரது மாலைப் பொழுதுமே போதும். எங்கள் பகுதிக்கான பட்டியலை எழுதும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன். துணை மாணவியாக முதற்பெயர் கொடுக்க என் மகள் இசைந்திருக்கிறாள். அடுத்த ஜூன் மாதம் அவள் பத்தாம் வகுப்பில் இருப்பாள். அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் நம் தெருப் பிள்ளை, முதல் நாள் தனியே வாசலில் நிற்க வேண்டியிராது.